இடது கைப் பக்கம் கடல்

சாம்பல் வானம். மேகம் என்று தனியாகப் பிரித்துக் காட்ட எதுவும் இல்லை. மார்கோசா சாலை மரங்களுக்கு மேலே, சூரியன் இருக்க வேண்டிய இடம் சற்று வெளுத்திருக்கிறது.

இலைகள் அசையவில்லை.

வாசலில் ஈரம். இரவில் மழைச் சத்தம் கேட்கவில்லை.

*

நவம்பர் 25, 2024. தென்கிழக்கு வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்.

செய்தி வாசிக்கிற குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. இடம், திசை, வேகம், நேரம். சூறாவளிக் காற்று மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகத்தில், இடையிடையே இத்தனை. மீனவர்கள் இப்பகுதிகளுக்குச் செல்ல வேண்டாம்.

பிறகு விளையாட்டுச் செய்திகள்.

குமரிக்கடல். மன்னார் வளைகுடா. தென்மேற்கு வங்கக்கடல். பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது மூச்சு தானாக மெதுவாகிறது. ஏன் என்று தோண்டவில்லை.

*

பெங்களூருக்குக் கடல் கிடையாது. 900 மீட்டருக்கு மேல் உயரம். கிழக்கே இறங்கினால் புதுச்சேரி, சாலை வழி 300 கிலோமீட்டருக்கு மேல். மேற்கே இறங்கினால் மங்களூர், இன்னும் கொஞ்சம் தூரம்.

"சைக்ளோன் சார்," என்கிறார் பால் பூத்காரர், வானத்தைப் பார்க்காமலேயே.

கார்த்திகையில் வெயில் காணாமல் போனால் இங்கே அதுதான் காரணம். எந்தப் புயல், எங்கே என்று யாரும் கேட்பதில்லை. ஸ்வெட்டரை எடுக்கிறார்கள். வேகவைத்த கடலைக்காய் வண்டிக்கு முன்னால் கூட்டம் சேர்கிறது.

*

கைப்பேசிக்குள் ஒரு காற்றழுத்தமானி இருக்கிறது. தொட்டால் எண் வருகிறது. 913 ஹெக்டோபாஸ்கல்.

1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைக் கடந்த சூப்பர் புயலின் நடுவில் அழுத்தம் 912 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வங்கக்கடல் கண்ட மிகக் கொடிய புயல்களில் ஒன்று. இங்கே அதே எண் ஒரு சாதாரணக் காலை. தலைக்கு மேல் காற்று குறைவு, அவ்வளவுதான். கடல் மட்டத்துக்குச் சரிசெய்தால் 1010 பக்கம் வந்துவிடும்.

சரிசெய்யாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

*

காலை பத்து மணி வாக்கில் எண் கொஞ்சம் ஏறுகிறது. மாலை நாலு மணிக்கு இறங்குகிறது. இரவு பத்துக்கு மறுபடி ஏறும். விடியுமுன் இறங்கும்.

வெயில் மேல்வானத்தைச் சூடாக்குவதில் எழும் அலை இது. வெப்பமண்டலம் முழுவதும், கடல்மேலும் நிலத்தின்மேலும், தினம் இரண்டு முறை. ஏறி இறங்குவது இரண்டு மூன்று எண்தான். தோலுக்குத் தெரியாது. காதுக்கும் தெரியாது.

பழைய மாலுமிகள் இதைக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்துக்கு வழக்கமான அளவைவிட மூன்று எண் குறைந்தால் சந்தேகம். ஐந்து குறைந்தால் சந்தேகமே இல்லை; அருகில் எங்கோ புயல். அது நெருங்க நெருங்க இந்த இரட்டை ஏற்றமும் இறக்கமும் கரைந்துபோகும். எண் ஒரே பக்கமாக இறங்கும்.

இங்கே இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

*

நவம்பர் 26. ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டி மேலேறுகிறது. அம்பாறையில் வெள்ளம். காரைதீவில் மாணவர்களை ஏற்றி வந்த டிராக்டரை நீர் அடித்துக்கொண்டு போயிருக்கிறது.

புயல் என்ற சொல் இன்னும் அதற்குக் கிடைக்கவில்லை.

*

மொட்டை மாடி. வடக்கிலிருந்து மெல்லிய காற்று. பிடரியில் குளிர்.

காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், பூமியின் வடபாதியில், தாழ்வழுத்தம் இடது கைப் பக்கம். 1857இல் பைஸ் பாலட் என்ற டச்சு அறிஞர் வகுத்துச் சொன்ன விதி. கருவி எதுவும் வேண்டாம். உடம்பு போதும்.

முதுகை வடக்குக்குக் கொடுக்கிறேன். முகம் தெற்கே. இடது கையை நீட்டினால் கிழக்கு.

பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த பெண் ஒரு நிமிஷம் பார்க்கிறாள். பிறகு துணியை எடுக்கிறாள்.

விரல் நுனிக்கு நேரே தண்ணீர்த் தொட்டி. அதற்குப் பின்னால் ஒரு கட்டடம். அதற்குப் பின்னால், வெகு கீழே, அது.

*

புயல் எப்படி உண்டாகிறது என்பது எனக்கு ஓரளவு தெரியும். தெரிவதால் எதுவும் குறையவில்லை.

கடலின் மேற்பரப்பு 26.5 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். மேலே மட்டும் சுட்டால் போதாது. ஐம்பது மீட்டர் ஆழம் வரையாவது அந்தச் சூடு வேண்டும். நீராவி மேலே போய்க் குளிர்ந்து துளியாகும்போது, ஆவியாவதற்கு வாங்கிய வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. காற்று இன்னும் எழுகிறது. கீழே காலியான இடத்துக்குச் சுற்றிலுமிருந்து காற்று வருகிறது. பூமி சுழல்வதால் நேராக வர முடியாமல் வளைகிறது. இடஞ்சுழியாக.

நிலநடுக்கோட்டுக்கு மிக அருகே அந்த வளைவு கிடையாது. ஐந்து பாகைக்குள் புயல் பிறப்பது அபூர்வம். 2001 டிசம்பரில் ஒன்று பிறந்தது, சிங்கப்பூருக்கு அருகே, ஒன்றரைப் பாகையில். வாமெய். விதி தெரியாமல் வந்துவிட்டதுபோல.

*

கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி. மழைக்காலம் முடிந்ததும் இத்தனை ஆறுகளின் நன்னீரும் வங்கக்கடலின் மேலே கிடக்கிறது. உப்பு நீரைவிட லேசு. கீழே போகாது. அடியில் இருக்கும் குளிர்ந்த நீரை எளிதில் மேலே வரவும் விடாது. காற்று எவ்வளவு கலக்கினாலும் சூடு மேலேயே தங்குகிறது.

ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மழையின் மேல் அடுத்த மழை பிறக்கிறது.

*

மல்லேஸ்வரத்தின் வடக்கு ஓரத்தில் இந்திய அறிவியல் கழகம். மரங்களுக்கு நடுவில் வளிமண்டலத்துக்கும் பெருங்கடலுக்குமான ஒரு மையம். இங்கிருக்கிறவர்கள் இறங்கிப்போய்க் கப்பலேறி வங்கக்கடலின் நடுவில் நின்று அளந்திருக்கிறார்கள். 1999இல் ஒரு முறை. 2016இல் 'சிந்து சாதனா' கப்பலில் ஒரு முறை. உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு, எந்த ஆழத்தில்.

கடலின் அலைகளை முன்னறிவித்துச் சொல்லும் நிலையம் ஹைதராபாத்தில். புயலுக்குப் பெயர் கொடுக்கும் மையம் தில்லியில். படகுகளில் பொருத்தும் கருவிக்குச் செய்தி அனுப்பும் செயற்கைக்கோளுக்கு உரிய நிறுவனத்தின் தலைமையகம் இங்கே, நியூ பி.இ.எல். சாலைப் பக்கம், ஆட்டோவில் போகிற தூரம்.

கடலைக் கவனிக்கிறவர்கள் கடல் இல்லாத ஊர்களில் இருக்கிறார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கவனித்தேன்.

*

நவம்பர் 27. இன்று புயலாகும் என்றார்கள்.

ஆகவில்லை.

நவம்பர் 28. ஆகவில்லை. மெதுவாக நகர்கிறது. சில மணி நேரம் நகரவே இல்லை. கடல் சூடாக இருக்கிறது; மேலே உயரத்தில் காற்று வேறு திசையில் இழுக்கிறது. எழும் தூண் சாய்ந்துபோகிறது.

சென்னையில் குடையை எடுத்துக்கொண்டு போனவர்கள் அதை நனைக்காமல் திரும்பக் கொண்டுவருகிறார்கள். கேலிப் படங்கள் சுற்றுகின்றன. வராத புயலின் மேல் சின்னக் கோபம்கூட.

வல்லத்தை மேட்டுக்கு இழுத்துக் கட்டிவிட்டவனுக்கு இந்த நாட்களும் கடலுக்குப் போகாத நாட்கள்தான். புயல் ஆனாலும் ஆகாவிட்டாலும் அடுப்புக்கு ஒரே கணக்கு.

*

காத்திருப்பதில் ஒரு சத்தம் இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டி நின்ற பிறகு கேட்பது.

*

துறைமுகங்களில் கூண்டு ஏற்றுகிறார்கள். பகலில் கூம்பும் உருளையும். இரவில் சிவப்பு விளக்கும் வெள்ளை விளக்கும். சின்ன வயதில் வானொலியில் கேட்டபோது உள்ளே ஏதோ பறவை இருப்பதாக நினைப்பு.

ஒன்று: தொலைவில் ஏதோ உருவாகிறது. இரண்டு: தொலைவில் புயல்; துறைமுகத்தைவிட்டுக் கிளம்பும் கப்பல் கவனிக்க. மூன்று, நான்கு: துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். ஐந்து, ஆறு, ஏழு: அபாயம். இடப்பக்கம் கடந்தால் ஒன்று, வலப்பக்கம் கடந்தால் ஒன்று, நேராக வந்தால் ஒன்று. எட்டு, ஒன்பது, பத்து: அதே மூன்றும், பெரும் அபாயமாக.

பதினொன்று: புயல் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது.

அதற்கும் ஒரு கூண்டு வைத்திருக்கிறார்கள்.

இதை எழுதிவிட்டு வெகு நேரம் சும்மா இருக்கிறேன்.

*

1864இல் கல்கத்தாவை ஒரு புயல் சிதைத்தது. அடுத்த ஆண்டு அங்கே துறைமுக எச்சரிக்கை முறை வந்தது. வானிலை ஆய்வுத் துறை பிறந்தது 1875இல்.

செத்தவர்களுக்குப் பிறகுதான் கம்பம் நடப்படுகிறது.

*

அலையின் உயரத்துக்கு உலகம் முழுவதற்கும் ஓர் எண் வரிசை. பூஜ்யம் என்றால் கண்ணாடிபோல. ஐந்து என்றால் இரண்டரை மீட்டரிலிருந்து நாலு மீட்டர், கடல் கொந்தளிப்பு. ஆறு என்றால் ஆறு மீட்டர் வரை. ஒன்பது என்றால் பதினான்கு மீட்டருக்கு மேல்.

ஒன்பதுக்கு மேல் எண் இல்லை.

*

காற்று வருவதற்கு முன்னால் அலை வந்துவிடுகிறது. புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் கிளப்பிய நெட்டலை. வானம் தெளிவாக இருக்கும்போதே கரைக்கு வரும் அலைகளின் இடைவெளி நீள்கிறது. ஒன்று உடைந்து, இழுத்து, அடங்கி, பிறகு நேரம் விட்டு அடுத்தது.

கரையில் பிறந்தவர்கள் அதைக் காலால் கேட்பார்கள். மணல் அதிரும்.

மல்லேஸ்வரத்தின் தரை சில சமயம் அதிர்கிறது. மெட்ரோ, அல்லது ரயில் நிலையத்தில் நிற்காமல் போகும் சரக்கு வண்டி. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வட்டம் போடுகிறது. வட்டம் அடங்கும்வரை பார்க்கிறேன்.

*

2017 நவம்பர் 30. ஒக்கி. ஒரு நாளுக்குள் தாழ்வு மண்டலம் புயலாகிவிட்டது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை. அந்த ஊர்களின் மீனவர்கள் கிளம்பி நாட்கள் ஆகியிருந்தன. ஆழ்கடலில், கைப்பேசிக்கும் சாதாரணக் கம்பியில்லாக் கருவிக்கும் எட்டாத தூரத்தில். எச்சரிக்கை கரையில் நின்றுகொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் படகுகளுக்குச் செயற்கைக்கோள் கருவிகள்.

1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயில், எண் 653. அதை அடித்துக்கொண்டு போன புயலுக்குப் பெயர் இல்லை. இந்தக் கடலில் பெயர் வைக்கத் தொடங்கியது 2004இல்.

எண்ணங்கள் இப்படி ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு வருகின்றன. வரட்டும்.

*

நவம்பர் 29, வெள்ளி. மதியத்துக்கு மேல் புயலாகிவிட்டது.

ஃபெஞ்சல். சவுதி அரேபியா கொடுத்த பெயர். பதின்மூன்று நாடுகள் முன்கூட்டியே எழுதிக்கொடுத்த பட்டியலில் அதன் முறை.

பெயர் கிடைத்ததும் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. குரல்கள் தெளிவாகின்றன. வரைபடத்தில் ஒரு சுழி.

*

எட்டாவது கிராஸ். தார்ப்பாலின் நுனியிலிருந்து நீர் சொட்டுகிறது. பூக்கூடையில் மஞ்சள் சாமந்தி, ஒசூர்ப் பக்கத்துப் பூ. நனைந்து கனத்திருக்கிறது. பூக்காரம்மா ஒரு கொத்தை எடுத்துத் தலைகீழாக உதறுகிறார். நீர் தெறிக்கிறது. இரண்டு இதழ்கள் தராசுத் தட்டில் ஒட்டிக்கொள்கின்றன. அவர் அவற்றை விரலால் வழித்து மறுபடி கூடைக்குள் போடுகிறார்.

"நனஞ்ச பூவ நிறுத்து வித்தா பாவம் சார். மொழம் போட்டுத் தர்றேன்."

முழங்கையிலிருந்து விரல் நுனி வரை சரம் நீள்கிறது. அவருடைய ஊர் திண்டிவனம் பக்கம். போன் பண்ணினாராம். மரம் ஆடுதாம், வேற ஒண்ணும் இல்லையாம்.

*

நவம்பர் 30, சனி. சென்னை விமான நிலையத்தை மூடிவிட்டார்கள்.

மாடியில் வடகாற்று வலுத்திருக்கிறது. வாடை. கன்னத்தில் ஊசி ஊசியாகத் தூறல். முதுகைக் கொடுத்து நிற்கிறேன். இடது கை கிழக்கே.

கை வலிக்கிறது. இறக்கிக்கொள்கிறேன். கடல் அங்கேயே இருக்கிறது.

*

இரவு. பத்தரையிலிருந்து பதினொன்றரைக்குள் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர், இடையே 90.

அக்கா முத்தியால்பேட்டையில் இருக்கிறாள்.

"காத்து நின்னுடுச்சு தம்பி. மழதான் நிக்கல."

பின்னால் தகரத்தின் மேல் விழும் சத்தம். அது ஒரே சத்தமாக இருக்கிறது, துளி துளியாக இல்லை.

"மொதப் படி முழுகிடுச்சு. ரெண்டாவதுல நிக்குது. கரண்ட் எட்டு மணிக்கே போச்சு."

சாப்பிட்டாயா என்று கேட்கிறேன். நீ சாப்பிட்டியா என்று கேட்கிறாள்.

"சார்ஜ் இல்ல. வெக்கிறேன்."

*

திரை அணைந்த பிறகும் கைப்பேசி உள்ளங்கையில் சூடாக இருக்கிறது.

அந்தச் சூடு போக நேரமாகிறது.

*

டிசம்பர் 1, ஞாயிறு.

நகரவில்லை. கரை ஏறியது ஏறிய இடத்திலேயே நிலைகொண்டுள்ளது என்கிறது அறிக்கை. ஒரு மணிக்கும் அதே. நாலு மணிக்கும் அதே. காலையிலும் அதே.

வேகமாக வந்து வேகமாகப் போகும் புயலைப் பார்த்திருக்கிறது அந்தக் கரை. 2011 டிசம்பரில் தானே வந்தபோது கடலூரின் பலாவும் முந்திரியும் ஒரே காலையில் விழுந்தன. 2018இல் கஜா வந்தபோது டெல்டாவின் தென்னைகள். காற்று செய்த வேலை அது. இது வேறு. இது நிற்கிறது. நின்றபடி பெய்கிறது.

புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல். மயிலத்தில் அதைவிடக் கூட.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே கையை வைத்துப் பார்க்கிறேன். இத்தனை உயரம். எங்கும் ஓடாமல் நின்றிருந்தால்.

*

அக்காவின் எண்: தொடர்பு எல்லைக்கு அப்பால்.

*

சாங்கி ஏரி. 1882இல் கட்டியது. நடைபாதையில் நாலைந்து பேர், குடையோடு. தூறல் நீரில் விழுவது தெரிகிறது, சத்தம் இல்லை. ஒவ்வொரு துளிக்கும் ஒரு வட்டம். வட்டங்கள் ஒன்றையொன்று கடந்து போகின்றன. மோதிக்கொள்வதில்லை.

நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்தபடி கல்லின்மேல் நிற்கிறது. காய்வதற்கு வெயில் இல்லை. இருந்தாலும் விரித்திருக்கிறது.

இங்கே பெய்வது அதன் விளிம்பு. சுழலின் வெளி ஓரம் மலையேறி வந்து குளிர்ந்து, பொடியாகி, இந்த ஏரியில்.

*

காடு மல்லேஸ்வரர் கோயிலுக்கு எதிரே நந்தி தீர்த்தம். மண்ணுக்குள் புதைந்திருந்தது 1997இல் வெளிவந்தது. கல் நந்தியின் வாயிலிருந்து நீர் லிங்கத்தின்மேல் விழுகிறது. எப்போதும் விழுகிறது. இன்று சற்று அதிகமாக என்று தோன்றுகிறது. தோன்றல்தான்.

இந்தப் பக்கத்தில்தான் விருஷபாவதி பிறக்கிறது. இப்போது அது சாக்கடை. மைசூர் சாலையில் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிற கால்வாய். ஆனாலும் ஓடுகிறது. அர்க்காவதியில் சேர்ந்து, கனகபுரத்துக்கு அப்பால் காவிரியில் சேர்ந்து, மேட்டூர் தாண்டி, பூம்புகாரில் கடலுக்குள்.

நகரின் நடுவே ஒரு மேட்டு முதுகு. அதற்கு மேற்கே விழும் துளி காவிரி வழி போகிறது. கிழக்கே விழும் துளி தென்பெண்ணை வழி கடலூருக்குப் போகிறது. முதுகின் மேல் விழும் துளி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒரே கடல்தான்.

கோயிலில் 1669ஆம் ஆண்டுக் கல்வெட்டு, வெங்கோஜியுடையது. சிவாஜியின் தம்பி. பிறகு அவரும் கீழே இறங்கித் தஞ்சைக்குப் போனார். நீர் போகிற பக்கமாக.

*

கால்விரல்கள் சில்லிட்டிருக்கின்றன. ஒரு விரலை இன்னொன்றின்மேல் வைக்கிறேன்.

*

டிசம்பர் 2, திங்கள்.

நகரத் தொடங்கிவிட்டது. மேற்கே. மேலே. வலுவிழந்து, வலுவிழந்து.

ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். கடலைப் பார்த்தேயிராத ஊர். பெங்களூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் டீ குடிக்க இறங்கும் ஊர். ஏரி நிரம்பி, சாலையோரம் நின்ற வேன்களை நீர் உருட்டிக்கொண்டு போகும் காட்சியை எல்லோரும் எல்லோருக்கும் அனுப்புகிறார்கள். திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஒரு வீட்டின்மேல் இறங்கியிருக்கிறது. உள்ளே குழந்தைகள்.

காணொளியை நிறுத்துகிறேன். நிறுத்திய படத்தில் ஒரு வெள்ளை வேன் சாய்ந்த நிலையில் அப்படியே நிற்கிறது.

சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல். தென்பெண்ணை. நந்தி மலையில் பிறந்து, ஒயிட்ஃபீல்டுக்கு அந்தப் பக்கமாக, நுரை பொங்க, யாரும் ஆறு என்று திரும்பிப் பார்க்காமல் போகும் நீர். கீழே விழுப்புரத்தில் அது ஊர்களுக்குள் நுழைந்துகொண்டிருக்கிறது.

*

காற்று திரும்பியிருக்கிறது. இப்போது கிழக்கிலிருந்து. ஈரமாக, கொஞ்சம் வெதுவெதுப்பாக. கொண்டல்.

கிழக்குக்கு முதுகு. முகம் மேற்கே. இடது கை தெற்கே நீள்கிறது.

அது பக்கத்தில்தான் எங்கோ தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. தருமபுரியா, சேலமா. இப்போது அது புயல் இல்லை. தாழ்வு மண்டலம்கூட இல்லை. வெறும் தாழ்வுப் பகுதி. அறிக்கையில் பெயருக்குப் பின்னால் 'எச்சம்' என்று வருகிறது.

கடலில் கிடைத்த பெயர் நிலத்தில் உதிர்கிறது. மழை உதிரவில்லை.

*

கைப்பேசியில் எண். 911. காலை பத்து மணி. ஏறியிருக்க வேண்டிய நேரம்.

மறுபடி பார்க்கிறேன். 911.

வீட்டுக்குள் எல்லாம் அப்படியே இருக்கிறது. நாள்காட்டி, செருப்பு, தண்ணீர்க் குடம். அவற்றின்மேல் அழுந்தியிருந்தது இரண்டு எண் குறைந்திருக்கிறது.

*

அக்கா, மதியம். யாரோ ஜெனரேட்டரில் சார்ஜ் போட்டுக் கொடுத்தார்களாம்.

"தண்ணி ரெண்டாவது படியிலேருந்து இறங்கிடுச்சு. சேறுதான். முனிசிபாலிட்டி வண்டி வரும்ங்குறாங்க."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை. அவள் பக்கம் துடைப்பம் சிமெண்டில் இழுபடும் சத்தம்.

"அங்க மழையா?"

தூறல் என்கிறேன்.

"ஸ்வெட்டர் போட்டுக்க."

*

டிசம்பர் 3, செவ்வாய்.

காற்று தெற்கிலிருந்து. மேகத்தில் ஒரு கிழிசல். நீலம் தெரிந்து மூடிக்கொள்கிறது.

தெற்குக்கு முதுகு. முகம் வடக்கே. இடது கை மேற்கே.

எச்சம் மலைத்தொடரைத் தாண்டி அரபிக்கடலில் இறங்கிவிட்டது. மங்களூரில் கனமழை. கர்நாடக, கேரளக் கரையோரம் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு. இந்த முறை கன்னடத்தில். அதே வரிசை: இடம், திசை, வேகம், நேரம். குரலில் அதே சமதளம்.

இந்த வாரத்தில் என் இடது கை கிழக்கு, தெற்கு, மேற்கு என்று திரும்பியிருக்கிறது. நான் ஒரே மாடியில்தான் நின்றேன்.

*

யஷ்வந்த்பூர்ப் பக்கம் மீன் கடை. வெள்ளை டைல்ஸ் மேடையில் பனிக்கட்டிதான் அதிகம் கிடக்கிறது. கடைக்காரர் வாளி நீரை மேடைமேல் ஊற்றிக் கையால் தள்ளுகிறார்.

வஞ்சிரம் போன வாரத்திலிருந்தே இல்லை. கிழக்குக் கரை லோடு வரவில்லை. அப்போதெல்லாம் பங்குடே இருந்தது. கானாங்கெளுத்தியை இங்கே அப்படித்தான் கேட்டு வாங்க வேண்டும். மங்களூரிலிருந்தும் மல்பேயிலிருந்தும் இரவில் கிளம்பி விடியற்காலை வந்துவிடும். கிழக்கே கடல் மூடினாலும் மேற்கே திறந்திருந்தது.

இன்று அதுவும் இல்லை.

"ரெண்டு சைடும் நிறுத்திட்டாங்க சார். கட்லா இருக்கு. டேம் மீன்."

பெரிய கட்லா ஒன்று மேடையில். செதில்கள் ஒவ்வொன்றும் பழைய எட்டணா அளவு. கண் தெளிவாக இருக்கிறது.

அரை கிலோ போதும் என்கிறேன். அவர் தலைப் பக்கமா, வால் பக்கமா என்று கேட்கிறார்.